கணுவைப் பார்த்தால் இலை தெரியும்

எல்லோருக்கும் வணக்கம். என் இடக்கையில் இருப்பது வேப்ப ஈர்க்கு, வலக்கையில் கீழாநெல்லி. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுவில் ஒரு குச்சி, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். ஆனால் வேம்பில் இந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. இப்படிப் பல சிற்றிலைகள் சேர்ந்ததைக் கூட்டிலை என்பார்கள். கீழாநெல்லியிலோ ஒவ்வொன்றும் தனித்தனி இலை, அதாவது தனியிலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடம்தான் கணு. அந்த இடுக்கைப் பாருங்கள். அங்கே ஒரு மொட்டு இருக்கும். கோணமொட்டு என்று பெயர். கிளையோ பூவோ அங்கிருந்துதான் கிளம்பும். வேப்ப ஈர்க்கில் சிற்றிலைகளின் அடியில் எவ்வளவு தேடினாலும் மொட்டு கிடைக்காது. ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில்தான் அது இருக்கும். சரி, இப்போது கீழாநெல்லியைத் திருப்பிப் பிடிக்கிறேன். இலைகளுக்கு அடியில் வரிசையாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள் தொங்குகின்றன பாருங்கள். அத்தனையும் காய். செடியின் பெயரே அதைத்தான் சொல்கிறது. இதைக் கைமாற்றி அனுப்புகிறேன், எல்லோரும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

நெல்லி மரத்திலும் இதே கதைதான். புளிய இலை போலத் தோன்றினாலும் அதில் இருப்பவை தனியிலைகள். இலைகளைத் தாங்கும் மெல்லிய சிறுகிளையே ஓர் இலைபோல மொத்தமாக உதிர்ந்துவிடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

மா, பலா, ஆல், அரசு, கொய்யா இவற்றில் யாருக்கும் சந்தேகம் வராது. பப்பாளியில் வரும். அதன் இலை ஆழமாக வெட்டுப்பட்டு, விரல் விரித்த கை போல இருக்கிறது. ஆனாலும் வெட்டு காம்புவரை போய்ச் சேர்வதில்லை, நடுவில் பச்சை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் அதுவும் தனியிலைதான். ஆமணக்கும் அப்படியே.

வாழை எனக்கு மிகப் பிடித்தது. குருத்து சுருண்டு வரும்போது முழுசாக வருகிறது, அப்புறம் காற்று கிழிக்கிறது. ஆனால் பக்க நரம்புகள் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை இணையாக ஓடுவதால், கிழிசலும் அவற்றின் இடையிலேயே போகிறது. ஒவ்வொரு கீற்றுக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், காற்றும் இடைவெளியில் புகுந்து போய்விடும். கிழிந்த பிறகும் வாழை இலை உயிரோடு வேலை செய்கிறது.

எலுமிச்சை இதற்கு நேர் எதிர். பார்த்தால் தனியிலை. ஆனால் காம்பும் இலையும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. மூன்று சிற்றிலை கொண்ட வில்வத்தின் குடும்பம் அது. ஒரே ஒரு சிற்றிலை மட்டும் மிஞ்சிய கூட்டிலை என்றுதான் தாவரவியலார் அதைச் சொல்கிறார்கள்.

கடைசியாக, தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்து வெல்விட்சியா. தாவரவியலார் ஃபிரீட்ரிக் வெல்விட்ச் 1859இல் அங்கோலாவில் கண்ட செடி. விதை முளைக்கும்போது முதலில் வரும் வித்திலைகளை விட்டுவிட்டால், வாழ்நாள் முழுக்க அதற்கு இரண்டே இலைகள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த செடிகளுக்கும் அதே இரண்டுதான். அடியிலிருந்து வளர்ந்துகொண்டே வரும், நுனி காய்ந்து தேய்ந்துகொண்டே போகும். காற்று நார்நாராகக் கிழித்துப் போட்டிருப்பதால், தூரத்தில் பார்த்தால் பல இலைகள் குவிந்து கிடப்பது போல இருக்கும். பக்கத்தில் போய், ஒரு கீற்றைப் பிடித்து அடிவரை வந்தால்தான் அந்த இரண்டும் கண்ணில் படும்.