பதினோரு வயதில் தொடங்கும் குடிமைப் பாடம்

ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பழகுகிற எல்லோருக்கும் ஒரு வாக்கியம் பழக்கமாகியிருக்கும்: "இது நியாயமே இல்லை." அணி பிரித்ததில் நியாயமில்லை. ஒருவன் செய்த தப்புக்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைத்ததில் நியாயமில்லை. நாம் அதைச் சிணுங்கல் என்று ஒதுக்கிவிட்டு, குடிமையியல் பாடவேளை வந்ததும் இறையாண்மைக்கு வரையறை எழுதிப் போடுகிறோம். அந்தப் பாடத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் பிள்ளைகளின் முணுமுணுப்பிலேயே இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நாடாளுமன்றம், நீதிமன்றம் பற்றியெல்லாம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் இயற்றுவது யார், தீர்ப்புச் சொல்வது யார் என்று தெரியாதவன் எங்கே போய் முறையிடுவான்? தெரியத்தான் வேண்டும். முதலில் பிரச்சினையைக் காட்டுங்கள். அதைத் தீர்க்க மனிதர்கள் கண்ட ஏற்பாட்டைப் பிறகு காட்டுங்கள் என்கிறேன்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மதிய இடைவேளையில் மைதானம் முழுவதையும் கால்பந்து ஆடுகிறவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று புகார். ஆசிரியர் கை தூக்கச் சொன்னார். கால்பந்துக்காரர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். முடிந்தது என்று எல்லோரும் நோட்டை எடுத்தபோது ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "நாளைக்கு ஓட்டெடுத்தாலும் அவங்கதான் சார் ஜெயிப்பாங்க. அப்ப நாங்க எப்பத்தான் விளையாடறது?"

அந்த ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். அதுதான் நல்ல ஆசிரியருக்கு அழகு. அதன்பின் வகுப்பே பேசியது. கிழமையைப் பிரித்துக்கொள்ளலாம் என்றான் ஒருவன். ஆள் அதிகமானால் நாளும் அதிகம் வேண்டாமா என்றான் இன்னொருவன். எங்கள் முறை வரும் நாளில் மழை பெய்துவிட்டால் என்ன செய்வது, விதியை மீறினால் யாரிடம் போவது என்று அடுத்தடுத்துக் கேள்விகள். கடைசியில் கிழமை பிரித்து, ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டுத் திருத்தலாம் என்று முடிவானது. பெரும்பான்மை ஏன் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது, அடிப்படை உரிமை எதற்கு, சட்டத்துக்கு ஏன் திருத்தம் வருகிறது என்பதெல்லாம் அந்த ஒரு தகராறுக்குள் இருந்தன. இனி அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் உரிமைகள் பற்றிய பகுதியைத் திறந்தால், ஏற்கெனவே பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

1912இல், இன்று போலந்தின் தலைநகராக இருக்கும் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் குழந்தைகளே. அதன் சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவை மன்னிப்பதற்காக எழுதப்பட்டவை. இல்லத்தை நடத்திய கோர்ச்சாக்கே அந்த மன்றத்தின் விசாரணைக்கு உட்பட்டார். இது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. வகுப்புக்குத் தாமதமாக வரும் மாணவனை வெளியே நிறுத்திவிட்டு, தாமதமாக வரும் ஆசிரியர் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லாவிட்டால், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று எந்த வாயால் சொல்லிக்கொடுப்பது?

வகுப்பறைக்குள் அரசியல் வரலாமா என்ற பயம் பலருக்கு உண்டு. நியாயமான பயம்தான். மேற்கு ஜெர்மனியில் 1976இல் கல்வியாளர்கள் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி இதைப் பேசினார்கள். அங்கிருந்து பிறந்த நெறிகள் இன்றும் எனக்குப் போதுமானவையாகத் தெரிகின்றன: ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும், தன் நலன் எதில் இருக்கிறது என்று மாணவரே எடைபோட்டு, அதற்காகச் செயல்படவும் பழக வேண்டும். இரண்டாவதுதான் கடினம். நாம் வெறுக்கும் வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் அரசியல் அறிஞர் பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு குடிமைக் கல்வி பற்றி 1998இல் அறிக்கை தந்தது. 2002இல் பதினொன்றிலிருந்து பதினாறு வயது வரை குடிமைக் கல்வி அங்கே கட்டாயப் பாடமானது. கட்டாயமாக்குவது நல்லதே. ஆனால் யாருக்கு வேலைநேரம் காலியோ அவர் தலையில் இந்தப் பாடத்தைக் கட்டினால், எந்த நாட்டிலும் அது மனப்பாடமாகத்தான் முடியும்.

குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்கவும் சொல்கிறது. கேட்டதையெல்லாம் கொடு என்று அது சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் குப்பையில் போடவும் இடம் தரவில்லை.

ஆகவே தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவர் மன்றத்துக்கு உண்மையான வேலை கொடுங்கள்: நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கலாம், விளையாட்டுச் சாமான் வாங்க ஒதுக்கிய பணத்தை எப்படிச் செலவிடலாம். அவர்கள் கேட்டதைத் தர முடியாவிட்டால், ஏன் முடியாது என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் காரணம் தவறென்று பட்டால் அவர்கள் மறுபடி மனுப் போடட்டும். அதைக் கேட்க ஒரு தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள்.