டாக்டர் என்ன சொன்னார்?

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

நான் உளவியலாளர். மாத்திரை எழுதித்தர எனக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் ஊரில் என்னைப் ‘பேசுற டாக்டர்’ என்பார்கள், மனநல மருத்துவரை ‘மாத்திரை டாக்டர்’ என்பார்கள். டாக்டர் பட்டம் எனக்குச் சும்மா கிடைத்தது, அதை விடுங்கள். அந்த இரண்டு டாக்டரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களா? அதைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஒரு கல்லூரி மாணவர். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கை கழுவிக்கொண்டே இருப்பார், விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருக்கும். எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்பார்களே, அது. இதற்கு நாங்கள் செய்யும் சிகிச்சை கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். எதைத் தொடப் பயமோ அதைத் தொடச் சொல்வோம், பிறகு கழுவ விடாமல் உட்கார வைப்போம். பதற்றம் விறுவிறுவென்று ஏறும். கழுவாமலே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அது இறங்குவதை அவரே அனுபவித்துப் பார்க்க வேண்டும், சிகிச்சையே அதுதான்.

இவர் கதவுக் கைப்பிடியைத் தொட்டார், கசங்கிய பத்து ரூபாய் நோட்டைத் தொட்டார், என் செருப்பைக்கூடத் தொட்டார். முகத்தில் சலனமே இல்லை. அடடா, எவ்வளவு சீக்கிரம் தேறுகிறார் என்று எனக்குப் பெருமை. வீட்டிலோ அதே சோப்பு, அதே குழாயடி. ஐந்து வாரம் இப்படியே போனது. ஆறாவது வாரம் ஃபீஸ் எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. குளோனசிபாம். “பதற்றம் வந்தா ஒண்ணு போட்டுக்க” என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். பையன் என் அறைக்கு வருவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பதற்றம் ஏறவே இல்லையே, அப்புறம் எங்கே இறங்குவது?

மருத்துவர் எழுதியதில் தப்பில்லை. பையன் போட்டுக்கொண்டதிலும் தப்பில்லை. முதல் நாளே நான் “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “மாத்திரை குடுத்தாரு சார்” என்றார். அதோடு விட்டுவிட்டேன். சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை, போனும் போடவில்லை. பிறகு அந்த மருத்துவரிடம் பேசியபோது நாலு நிமிடம்தான் ஆனது. மருத்துவர் அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதையும் எனக்குச் சொன்னார். ஓ.சி.டி.க்கான ஃப்ளூவாக்சடினைத் தொடர்ந்தார். அது வேலை காட்ட இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், நடுவில் பையன் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பங்கு என்று பிரித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அசதி, அழுகை, எதிலும் பிடிப்பில்லை என்று ஓர் அம்மா வந்தார். மாமியார் கதையும் இருந்தது. மூன்று மாதம் மாமியாரைப் பற்றியே பேசினோம். கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் முதலில் எழுதியது மாத்திரை இல்லை, ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு குறைவு. மாமியாரிடம் அதற்கப்புறம் நான் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மருத்துவருக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரிவதும் உண்டு. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது அவரால் எவ்வளவு நேரம் ஒருவரோடு உட்கார முடியும்? நான் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் உட்காருகிறேன். மனச்சோர்வு மாத்திரையில் குமட்டலும் படபடப்பும் முதலில் வரும், பலன் சில வாரம் கழித்துத்தான் வரும். நாலாம் நாளே நிறுத்திவிட்டவர்கள் அதை என்னிடம்தான் சொல்வார்கள், டாக்டரிடம் சொல்லப் பயம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு, கை முன்பைவிட நடுங்குகிறது என்றால் நான் அன்று கவுன்சலிங் செய்யக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் கூடியிருக்கலாம், அன்றே அனுப்ப வேண்டும். இளைஞர்களுக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அந்தக் கண் என்னுடையதாகவும் இருக்கலாம்.

2004இல் அமெரிக்காவில் மனச்சோர்வுள்ள 439 வளரிளம் பருவத்தினரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், மாத்திரையும் பேச்சும் சேர்ந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். மாத்திரை மட்டும் என்றால் சுமார் 61, பேச்சு சிகிச்சை மட்டும் என்றால் 43. என் தொழிலுக்கு இந்தக் கடைசி எண் இனிக்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் “மாத்திரை போட்டா அடிமையாயிடுவீங்க” என்று பயமுறுத்துகிற ஆலோசகர்கள் எங்கள் பக்கம்தான் இருக்கிறார்கள். “கவுன்சலிங்னா சும்மா பேச்சு” என்கிற மருத்துவர்கள் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளி.

ரகசியம் காக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. சிகிச்சைக்காக இன்னொரு மனநலப் பணியாளருக்குத் தகவல் தருவதற்கு அதே சட்டத்தில் இடமும் உண்டு. ஆனாலும் நான் முதல் நாளே கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்கிறேன். பையனின் காதல் கதை மருத்துவருக்கு எதற்கு? தூக்கம், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது, இவற்றை மட்டும்தான் மருத்துவருக்கு எழுதி அனுப்புகிறேன். அரைப்பக்கம். போன வாரம் அப்படி ஒன்று அனுப்பினேன். பதில் வாட்ஸாப்பில் வந்தது: “பார்த்தேன். ராத்திரி டோஸைக் காலைக்கு மாத்தியிருக்கேன். தூக்கம் எப்படின்னு சொல்லுங்க.” அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எங்களில் யாரிடம் வந்தாலும், வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப்போட்டு எடுத்து வாருங்கள். தலைவலிக்கு வாங்கியது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம்தான். பெயர் தெரிய வேண்டியதில்லை.

கேள்விகளுக்கு வரலாம். முன்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.