கரையிலிருந்து கணக்குப் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகிறோம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். பிறகு விடுதி தேடுகிறார்கள். கடல் எப்படி இருக்கும் என்பதை அங்கே போய் இறங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

நான் மண்டபத்தில் பிறந்தவள். அப்பா நாட்டுப் படகில் தொழில் செய்தவர். திருமணமாகிச் சென்னைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மே மாதம் மாமியார், கணவர், பிள்ளைகளுடன் மதுரைக்கு விமானத்தில் வந்து, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு கடலோர விடுதியில் தங்கினோம். சொந்த மண்ணுக்கு விருந்தாளியாக வந்ததால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே திண்டாடுகிறார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் காற்று. எங்கள் பக்கம் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் தனுஷ்கோடிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் பெண் கடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கியதும் நிலைமை அப்படியே மாறும். அப்போது வடகரையில் அலை ஏறும், தென்கரை அடங்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் மே மாதத்துக்கு வடகரை விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் காலை முழுவதும் நின்றார்கள். அதே நாள்களில் தென்கரையில் தங்கியிருந்த ஒரு குடும்பம், கடலில் கால் வைக்கவே முடியவில்லை என்று வருந்தியது. அவர்கள் கொடுத்த வாடகையும் எங்களுடையதற்குக் குறைவில்லை. விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது அறையில் குளிர்சாதனம் உண்டா என்று கேட்பதற்கு முன், உங்கள் கரை எந்தப் பக்கம், நாங்கள் வரும் மாதத்தில் அங்கே குளிக்க முடியுமா என்று கேளுங்கள்.

எந்த மாதமானாலும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இடம் தனுஷ்கோடி. அதை நினைத்தாவது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரைவழி. வரைபடத்தில் உச்சிப்புளி அருகே விமான ஓடுதளம் தெரியும். அது கடற்படையின் தளம், அங்கே பயணிகள் விமானம் இறங்காது. நமக்கு அருகிலுள்ள விமான நிலையம் மதுரைதான். அங்கிருந்து மண்டபம் சுமார் 150 கி.மீ., ராமேசுவரம் சுமார் 170 கி.மீ. சென்னையிலிருந்து வானத்தில் ஒன்றேகால் மணி நேரம் பறந்துவிட்டு, காரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உட்கார வேண்டும். விமான நிலையம் நகரின் தெற்கே இருப்பதால் மதுரைக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை வழியாகவே ராமேசுவரம் சாலையைப் பிடித்துவிடலாம். வழியில் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. 2023இல் திறந்தார்கள். வயதானவர்கள் காலை நீட்டிக்கொள்ளவும், பிள்ளைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பானையையும் மணியையும் பார்க்கவும் அதைவிட நல்ல இடம் அந்தச் சாலையில் இல்லை.

இவ்வளவு தூரம் இருப்பதால்தான் காலை விமானத்தில் வாருங்கள் என்கிறேன். எங்கள் விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. காலை விமானமாக இருந்ததால் பொழுது சாய்வதற்குள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாலை விமானமாக இருந்திருந்தால் பரமக்குடியைத் தாண்டி இருட்டில், எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசியபடி வந்திருப்போம். தாமதத்தின்போது மாமியாருக்குச் சர்க்கரை குறைந்துவிடுமோ என்று எனக்குப் பெரிய கவலை. இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காத்திருக்கும் பயணிகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கேட்கும்வரை யாரும் எதுவும் தரவில்லை. என் கணவர் போய் விதியைச் சொன்ன பிறகு எல்லோருக்குமே சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. உரிமையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பசியோடு உட்கார்ந்திருந்த முதியவர்கள் அன்று நிறையப் பேர்.

மதுரைக்கு வரும் சில விமானங்கள் சிறியவை. படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. மற்றபடி பெட்டி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஊருக்குத் திரும்பும் பெட்டியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். பவளத் துண்டு, கடல்குதிரை இவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்ததே இந்தப் பவளத்திட்டுகளையும், அவற்றை நம்பி வாழும் மீன்களையும் காப்பதற்குத்தான். எங்கள் அப்பாவின் வலையில் மீன் விழுந்ததற்கும் அந்தத் திட்டுகளே காரணம். கருப்பட்டியும் பனையோலைப் பெட்டியும் வாங்கிப் போங்கள். அந்தப் பணம் ஊருக்குள் போகும்.

மீனைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆனாலும் நாட்டுப் படகுகள் போகும். விடுதியில் பட்டியலைப் பார்த்துக் கேட்காமல், இன்று கரைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு நகரை மீனும் நண்டும் கிடைத்தன. ஐஸ் பெட்டியில் எங்கிருந்தோ வந்த மீனைத் தின்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இனி, என் மனத்தை உறுத்திய ஒன்று. விடுதியின் புல்வெளிக்குக் காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மதில் சுவருக்கு வெளியே பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்குப் போனார்கள். கடலோரத்தில் தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். காவிரித் தண்ணீரை அத்தனை தூரத்திலிருந்து குழாயில் கொண்டுவந்து குடிக்கிற மாவட்டம் இது. நானும் சிறுமியாக அந்த வண்டியைத் தள்ளியவள். விடுதி மேலாளரிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பதில் சொல்லவில்லை. தங்க வருகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டால் நிலைமை மாறும் என்று உறுதியாக நம்புகிறேன். துண்டைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

திரும்பும்போது ராமேசுவரத்திலிருந்து ரயிலில் போகலாம் என்று மாமியார்தான் சொன்னார். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழிவிடும். சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி வேடிக்கை பார்த்து நெரிசல் உண்டாக்குவதைவிட, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கடல் பார்ப்பது எவ்வளவோ மேல். சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில், தாம்பரம் ரயில் என்று இரவுப் பயணத்துக்கு வழி இருக்கிறது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். விடுமுறைக் காலத்தில் படுக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே காற்றைப் பார்த்து மாதத்தையும் கரையையும் முடிவுசெய்துவிட்டு, திரும்பும் ரயிலுக்கு முதலில் டிக்கெட் எடுங்கள். விமானத்தை அதன்பிறகு பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.