ஓடி முடித்ததும் பசி எங்கே போகிறது?

வணக்கம் மக்களே. காலையில் மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால், தட்டில் இட்லி ஆவி பறக்க இருந்தாலும் கை போகமாட்டேன் என்கிறதா? களைப்பு என்று விட்டுவிடுவோம். களைப்பு மட்டும் இல்லை, ரத்தத்தில் ஓடும் சில பெப்டைடுகளும் (புரதத்தின் சிறு துண்டு போன்ற மூலக்கூறுகள்) சேர்ந்து பார்க்கிற வேலை அது.

முதல் ஆள் கிரெலின். இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்லும் ஹார்மோன், 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். கடுமையாகப் பயிற்சி செய்தால் அதன் வீரியமுள்ள வடிவம் கொஞ்ச நேரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே சமயம் குடலிலிருந்து வரும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன்கள் இரண்டும் ஏறுகின்றன, அவை 'போதும்' என்கிற கட்சி. போனில் பேசிக்கொண்டே தெருமுனை வரை நடந்தால் இதெல்லாம் பெரிதாக நடக்காது, சொல்லிவிட்டேன்.

ஜிஎல்பி-1 என்றதும் கமெண்டில் ஒரே கேள்விதான்: "அப்போ ஓடினாலே எடை குறைக்கும் ஊசி போட்ட மாதிரியா?" இல்லைங்க. உடம்பு சுரக்கும் ஜிஎல்பி-1ஐ டிபிபி-4 என்ற நொதி ஓரிரு நிமிடத்திலேயே பாதிக்கு மேல் சிதைத்துவிடும். ஊசியில் இருக்கும், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் செமாகுளூடைடு என்ற மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு ஊசி. ஓட்டம் தருவது சுமார் ஒரு மணி நேரச் சலுகை, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லாக்-ஃபீ. தசை முக்கி முக்கி உழைக்கும்போது வரும் லாக்டேட், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு உருவாவது. 2022இல் ஸ்டான்ஃபோர்டு, பெய்லர் ஆய்வாளர்கள் இதைப் பருத்த எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள், தீனி குறைந்தது, ஆனால் எலிகளின் நடமாட்டம் குறையவில்லை. பந்தயக் குதிரைகளின் ரத்தத்திலும் ஓட்டத்துக்குப் பிறகு இது ஏறியிருந்தது. மனிதர்களில் ஸ்பிரிண்டுக்குப் பிறகு அதிகம், அப்புறம் எடைப் பயிற்சி, கடைசியில்தான் நிதானமான நீண்ட பயிற்சி. எலியைக் காட்டி 'தொப்பை கரைக்கும் மூலக்கூறு' என்று தம்ப்நெயில் போடுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

முக்கியமாக, இன்சுலின் போடுகிறவர்கள் பசிக்கவில்லையே என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். உழைக்கும் தசை இன்சுலின் துணை இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கும், போட்ட ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். ஓட ஆரம்பிக்கும் முன்னாலேயே டோஸைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.