எலும்புக்கும் காவல் வேண்டும்

(மதுரையில் சட்ட மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

கொலை செய்தவன் அடுத்ததாக என்ன செய்வான்? உடலை இல்லாமல் ஆக்கப் பார்ப்பான். அவன் கையில் அதிகாரமும் இருந்துவிட்டால், வேலை இன்னும் எளிது. சுடுகாட்டில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த இரண்டாவது குற்றத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பஞ்சாபில் ஜஸ்வந்த் சிங் கால்ரா என்று ஒரு மனிதர் இருந்தார். காணாமல் போன இளைஞர்களைத் தேடிப் புறப்பட்டவர், அமிர்தசரஸ் வட்டாரத்துச் சுடுகாட்டுப் பதிவேடுகளைப் புரட்டினார். போலீசார் கொண்டுவந்த உடல்கள், அவற்றை எரிக்க வாங்கிய விறகு, எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு இருந்தது. கொன்றதை மறைத்தவர்கள் விறகுக் கணக்கை மறைக்க மறந்துவிட்டார்கள். 1995 செப்டம்பரில் கால்ராவே கடத்தப்பட்டு, பிறகு கொல்லப்பட்டார். அவருடைய உடலும் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. விசாரித்தது. மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் சட்டவிரோதமாக எரிக்கப்பட்டிருந்தன. அவர்களில் 1,238 பேர் யாரென்றே அடையாளம் காண முடியவில்லை.

நம் வீடுகளில் பால் தெளித்து, அஸ்தி கரைத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்தால்தான் செத்தவர் செத்தவர் ஆகிறார். உடல் வராத வீட்டில் அந்தத் தாய் எந்தத் தேதியில் திதி கொடுப்பாள்? மனைவிக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது, வாரிசுச் சான்றிதழ் கிடையாது. கணவன் வருவான் என்று இருப்பதா, வரமாட்டான் என்று இருப்பதா என்பதே அவளுக்குத் தெரியாது. இந்த வதையை ஒருவர்மீது சுமத்துவதும் கொடுமைதான் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் புதைகுழிகள் இருப்பதை 1998இல் ஒரு ராணுவச் சிப்பாயே நீதிமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அதோடு விட்டுவிட்டார்கள். 2025இல் அதே செம்மணியில், தகன மேடை கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது மறுபடியும் எலும்புகள் வெளிப்பட்டன. இப்போது இருநூறுக்கும் மேல் எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு பள்ளிக்கூடப் பையும் மண்ணுக்குள் இருந்தது. கால் நூற்றாண்டாக அந்த நிலத்துக்குக் காவல் இருந்ததா? இல்லை.

கீழடிக்குப் பக்கத்தில், அகழாய்வு நடந்த நம் கொந்தகைக்குப் போய்ப் பாருங்கள். முதுமக்கள் தாழிக்குள் இருக்கும் எலும்பைச் சிறு தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுக்கிறார்கள். எந்த ஆழத்தில் கிடந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று வரைந்து வைக்கிறார்கள். மரபணு ஆய்வுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு பழைய மனிதருக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமை, நேற்றுக் கொல்லப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டும். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் என்ன நடந்தது? 1995இல் கொன்று புதைத்தவர்கள், குட்டு வெளிப்படும் என்று பயந்து, இயந்திரத்தால் குழிகளைத் தோண்டி உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. மரபணுச் சோதனை வைத்து ஒன்றுசேர்க்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று.

சட்டத்துக்கு வருகிறேன். வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு, அதாவது அரசின் ஆட்களே ஒருவரைப் பிடித்துப்போய் மறைத்துவிடுவதற்கு, எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. காணாமல் போனவரைத் தேட வேண்டும், இறந்திருந்தால் உடலைக் கண்டுபிடித்து, மதித்து, குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதன் 24ஆவது பிரிவு அரசைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியா 2007இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக உறுதி கொடுக்கவில்லை. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தும் செம்மணியின் நிலை அதுதான். ஆகவே காகிதம் மட்டும் போதாது. ஆனால் காகிதமே இல்லாவிட்டால், கேட்பதற்குக்கூட நமக்குப் பிடிமானம் இருக்காது. நம் நாட்டில் ஒருவரைக் காணாமல் ஆக்குவது தனிக் குற்றமே இல்லை. பிணத்தை அவமதித்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆவது பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு. அதுவும் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமோ, புண்படும் என்ற அறிவோ இருந்ததாகக் காட்ட வேண்டும். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

இருக்கிற சட்டத்தையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். காவலில் ஒருவர் இறந்தாலோ காணாமல் போனாலோ, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் விசாரித்தாக வேண்டும். புதைத்த உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்கவும் அதே பிரிவில் அதிகாரம் உண்டு. இயன்றவரை உறவினருக்குச் சொல்லிவிட்டுத்தான் அந்த விசாரணை நடக்க வேண்டும்.

2015இல் மேலூர்ப் பக்கம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரானைட் முறைகேட்டை விசாரிக்க உயர் நீதிமன்றம் நியமித்த அதிகாரி உ. சகாயம், நரபலிப் புகார் வந்த இடத்தைத் தோண்டப் போனார். அன்று வேலை தொடங்கவில்லை. தடயம் கலைந்துவிடக் கூடாது என்று இரவு முழுவதும் மயானத்திலேயே தங்கிவிட்டார். பிறகு தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அது கொலையா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. நான் பார்ப்பது அந்த இரவை. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி மயானத்தில் தங்கித்தான் தடயத்தைக் காக்க வேண்டும் என்றால், அந்த இடத்தைக் காக்கும் நடைமுறை நம்மிடம் இல்லை என்றுதானே பொருள்?

சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த அதே 2020இல், டிசம்பரில், இதோ நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேறொரு வழக்கில் தெளிவாக உத்தரவிட்டது. காவல் மரணத்தில் குடும்பத்தார் உடலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையைக் குடும்பத்துக்கும் தர வேண்டும். மாணவர்களே, அந்தத் தீர்ப்பின் நகல் உங்கள் பையில் இருக்கட்டும். பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் ஒருவர் வந்து, "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள், ராத்திரிக்குள் எரித்துவிடலாம்" என்பார். அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். மாஜிஸ்திரேட் வந்தாரா, வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் எரிக்க வேண்டாம், புதைக்கலாம் என்றும் சொல்லுங்கள். புதைத்த உடலை மறுபடியும் சோதிக்க முடியும்.