சூஃப்ளேயை நம்பி விருந்தாளியைக் கைவிடலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"விருந்துப் போட்டியில் வெற்றியைத் தேடித்தருவது கைப்பக்குவமா, உபசரிப்பா?" என்பது தலைப்பு. உபசரிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "சமையல் போட்டியில் சமையல்தானய்யா ஜெயிக்கும், இதற்கெதற்கு ஒரு பட்டிமன்றம்?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். ஆனால் ஐயா, முதல் அடியிலேயே சறுக்கிவிட்டீர்கள். இது சமையல் போட்டியே இல்லை.

2005-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அந்த ஒரே வருடத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் வந்தன. பிபிசி 1990-ல் ஆரம்பித்து இடையில் நிறுத்தியிருந்த 'மாஸ்டர்செஃப்' புது வடிவத்தில் திரும்பி வந்தது. சேனல் 4-ல் 'கம் டைன் வித் மீ' தொடங்கியது. இரண்டிலும் சமைப்பவர்கள் நம்மைப் போன்ற வீட்டுச் சமையல்காரர்கள்தான். ஆனால் முதலாவதில் நிகழ்ச்சிக்காரர்களின் அடுப்படியில் சமைத்து, தட்டைக் கொண்டுபோய் நிபுணர்கள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் ஒரு வாய் ருசித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். நீங்கள் சிரித்தீர்களா, முறைத்தீர்களா, அவர்களுக்கு அக்கறையில்லை. அந்தப் போட்டியைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்திருந்தால் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரணிக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

நம் தலைப்பிலுள்ள விருந்துப் போட்டி இரண்டாவதுதான். அதில் என்ன நடக்கிறது? முன்பின் தெரியாத நாலைந்து பேர். ஒவ்வொரு இரவும் ஒருவர் வீட்டில் விருந்து. மற்றவர்கள் வந்து, உட்கார்ந்து, முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு என்று மூன்று சுற்றும் சாப்பிட்டு, பேசிச் சிரித்துவிட்டுக் கிளம்புவார்கள். திரும்பும் வழியில் காரில் உட்கார்ந்தபடி பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்து, அதிகம் வாங்கியவருக்கு ஆயிரம் பவுண்டு பரிசு.

ஒரு முழு மாலையையும் உங்கள் வீட்டில் கழித்தவர் போடும் மதிப்பெண் அது. அந்த ஒற்றை எண்ணுக்குள் சூப்பும் இருக்கிறது, வாசலில் சட்டையைப் பார்த்துச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையும் இருக்கிறது. எதிரணிக்கு இதில் சந்தேகம் இருந்தால் பிரான்சுக்குப் போகலாம். இதே போட்டி 2008-ல் அங்கே எம்6 தொலைக்காட்சிக்கு வந்தபோது, மதிப்பெண்ணை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். சமையலுக்குத் தனி, மேசை அலங்காரத்துக்குத் தனி, மாலைப் பொழுதை எப்படிக் கலகலப்பாகக் கொண்டுபோனீர்கள் என்பதற்குத் தனி. சமையலைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கிற பிரெஞ்சுக்காரர்களே மூன்றில் ஒரு தலைப்பைத்தான் சமையலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிரணி முழுவதையும் கேட்கிறது!

சரி, ஒரு சமையலறைக்குள் போவோம். கைப்பக்குவத்தை மட்டும் நம்பியவர் வீடு. இனிப்புக்கு சூஃப்ளே. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துக் கலந்து ஓவனில் வைத்தால், நுரைக்குள் இருக்கிற காற்று சூட்டில் விரிந்து கிண்ணத்துக்கு மேலே எழும்பும். வெளியே எடுத்ததும் ஆற ஆரம்பிக்கும், ஆற ஆற அமுங்கும். சில நிமிடத்துக்குள் மேசைக்குப் போயாக வேண்டும். அதனால் நம் ஆள் என்ன செய்கிறார்? சமையலறைத் தரையில் மண்டியிட்டு, ஓவன் கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் வியர்வை. அதற்கு முந்தின சுற்றில் ரிஸோட்டோ என்கிற இத்தாலிய அரிசிச் சாதம் வேறு. ஏறக்குறைய இருபது நிமிடம் அடுப்பை விட்டு நகராமல், சாறைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டிய சமாச்சாரம். ஆக முதல் தட்டு எடுத்ததிலிருந்து வீட்டுக்காரரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

மேசையில் என்ன நிலவரம்? ஒருவரை ஒருவர் நேற்றுத்தான் பார்த்த மூன்று பேர். காலிக் கிளாஸ். பேச்சு வானிலையைத் தொட்டு, போக்குவரத்தைத் தொட்டு, நின்றுவிட்டது. ஒருவர் எழுந்து மாடிக்குப் போய் வீட்டுக்காரரின் துணி அலமாரியைத் திறந்து பார்க்கிறார். இந்த நிகழ்ச்சியில் விருந்தாளிகள் அறை அறையாக நுழைந்து குடைவது வாடிக்கை, பார்ப்பவர்களுக்கும் அதுதான் வேடிக்கை. ஆனால் கீழே சுவையான பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், எவன் ஐயா மாடிக்குப் போய் அடுத்தவன் காலுறையை எண்ணுவான்?

சூஃப்ளே வருகிறது. அற்புதமாக எழும்பியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான்: சூஃப்ளே எழும்பிவிட்டது, விருந்து படுத்துவிட்டது.

விவரம் தெரிந்தவர் எப்படி யோசிப்பார்? மேசையில் தானும் உட்கார வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற பண்டத்தைத் தேடுவார். கெட்டியான இறைச்சியை முந்தின நாளே சின்னத் தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவார். அதிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டின் ஆகும், கறி பூப்போல் உதிரும். குளிரவைத்தால் மேலே உறைகிற கொழுப்பை வழித்து எடுத்துவிடலாம். மறுநாள் சூடு பண்ணினால் முந்தின நாளைவிட ருசி. இனிப்புக்குப் பன்னா கோட்டா என்கிற க்ரீம் இனிப்பு, காலையிலேயே ஃபிரிட்ஜில் உறைந்து காத்திருக்கும். விருந்தாளிகள் வந்த பிறகு அடுப்படியில் அவருக்கு வேலையே கிடையாது. "அதுவும் கைப்பக்குவம்தானே" என்று அங்கே யாரோ தலையாட்டுகிறார்கள். கைப்பக்குவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பண்டத்தைத் தேர்ந்தெடுத்தது உபசரிப்பு.

அடுத்து வாய்வார்த்தை. நல்ல சமையல்காரர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. தட்டை வைக்கும்போதே, "கொஞ்சம் ஓவரா வெந்துபோச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் விருந்தாளி அவன் பாட்டுக்குச் சாப்பிட்டிருப்பான். இப்போது கத்தியால் அறுத்து அறுத்துப் பார்க்கிறான். 2008-ல் அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஒயினைச் சிலருக்கு இரண்டு முறை கொடுத்தார்கள். ஒருமுறை விலை 10 டாலர் என்றும், இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்றபோது கூடுதல் ருசி என்றார்கள். சும்மா வாய்க்குச் சொல்லவில்லை, மூளையை ஸ்கேன் செய்தபோது இன்பத்தை உணரும் பகுதியே கூடுதலாக வேலை செய்தது. காதில் விழுந்த ஒரு எண் நாக்கின் ருசியை மாற்றுகிறது. அப்படியிருக்க, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மாற்றாதா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஒரு கூர்மையான வாதம் வைத்தார். மதிப்பெண் போடுபவர்களே போட்டியாளர்கள், வேண்டுமென்றே குறைப்பார்கள், குறை சொல்லவே முடியாத சமையல்தான் அவர்கள் கையைக் கட்டும் என்றார். நியாயமான கவலை. நான்கு பேர் போட்டியென்றால் அதிகபட்சம் 30. ஒருவர் வன்மத்தில் நாலு போட்டால் தீர்ந்தது. ஆனால் அம்மா, குறை சொல்லவே முடியாத சமையல் என்று ஒன்று உலகத்தில் உண்டா? மனிதனுக்கு ஒரு தட்டில் குறை கண்டுபிடிப்பதைவிடச் சுலபமான வேலை வேறில்லை. உப்பு ஒரு கல் கூட, சாஸ் கொஞ்சம் தண்ணி, முடிந்தது! இரண்டு மதிப்பெண் வெட்டிவிடலாம், மனசாட்சியும் உறுத்தாது. ஆனால் உனக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு செய்து, அதை மற்றவர்கள் முன்னால் பெரிதுபடுத்தாமல் உன் பக்கம் நகர்த்தினாரே, அவருக்கு எந்தக் காரணம் சொல்லி வெட்டுவாய்? நாளைக்கு அவரும் உன் வீட்டு மேசையில் வந்து உட்காரப்போகிறார்.

பச்சையாகக் கோழி வைத்தால் எந்தச் சிரிப்பும் காப்பாற்றாது. அதில் எனக்குச் சண்டையில்லை. சாப்பிடும்படி இருக்க வேண்டும், அது நுழைவுச் சீட்டு.

"கடைசியில் வருவது இனிப்பு, அதுதான் மனதில் நிற்கும்" என்றும் அம்மா சொன்னார். கடைசி மனதில் நிற்கும் என்பது உண்மை. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் செய்த சோதனை: 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு மேலும் 30 வினாடி, ஆனால் அந்தக் கடைசி 30-ல் நீரை ஒரு டிகிரி அளவுக்கு மெல்லச் சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததாம், அவ்வளவுதான். ஆனால் விருந்தின் முடிவு இனிப்பா? இனிப்புக்குப் பிறகுதானே குளிருக்குப் போடும் கோட்டு எடுத்துக் கொடுப்பது, வாசல்வரை போவது, கார் கிளம்பும்வரை நிற்பது எல்லாம்? மதிப்பெண் அட்டை கைக்கு வருவது அதற்கும் பிறகு.

'கம் டைன் வித் மீ' நிகழ்ச்சியிலேயே மிகப் பிரபலமான காட்சி ஒன்று இணையத்தில் இன்னமும் சுற்றுகிறது. கடைசி இரவு தன் வீட்டில் விருந்து வைத்தவர் தோற்றுவிடுகிறார். ஜெயித்த பெண்ணைப் பார்த்து, பணத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டைவிட்டுப் போ என்கிறார். அப்போது மதிப்பெண்கள் எழுதி முடிந்துவிட்டன, ஆகவே அந்தப் பேச்சால்தான் தோற்றார் என்று சொல்லமாட்டேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அண்ணன் அந்தக் காட்சியை நிச்சயம் பார்த்திருப்பார். அவர் மேடையேறியதும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசட்டும். அன்றைக்கு அந்த மனிதர் மூன்று சுற்றிலும் என்னென்ன சமைத்தார்?