பழைய படம் போட்டால் பிள்ளைகள் எழுந்து போகிறார்கள், எதிலிருந்து தொடங்கலாம்?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். உப்புவெளியில் இருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். அதை அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணா, நீங்கள் பழைய படங்களைப் பற்றி ஆசையாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். புதிய படத்தைப் போட்டால் அம்மா எழுந்து போய்விடுகிறார். பாடசாலை விடுமுறை வருகிறது. மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடிய படங்கள், உங்களுக்குப் பிடித்தவை, பழையதும் புதியதுமாகச் சொல்லுங்கள். சிங்களப் படங்களும் பார்க்கலாமா?”

தங்கச்சி, இதில் பிள்ளைகள் மேலும் பிழை இல்லை, படத்தின் மேலும் பிழை இல்லை. “இது பெரிய படம், பேசாமல் இருந்து பார்” என்று சொல்லிப் போட்டால் யாராக இருந்தாலும் எழுந்துதான் போவார்கள். ஒரு படத்துக்குள் நுழைவதற்கு நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்று வேண்டும். நம்முடைய தெரு, நம் வீட்டில் நடந்தது, அம்மம்மா சொன்ன கதை, எதுவானாலும் சரி. அது இருந்துவிட்டால் கறுப்பு வெள்ளை என்பதோ மெதுவாக நகர்கிறது என்பதோ பெரிய தடையாக இருக்காது. திருகோணமலையில் இருக்கிற நமக்கு அப்படிப்பட்ட வாசல்கள் நிறையவே இருக்கின்றன. ஆகவே எந்தப் படம் சிறந்தது என்று வரிசைப்படுத்தப் போவதில்லை. எந்த வாசலால் எந்தப் படத்துக்குள் போகலாம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் ‘காக்கா முட்டை’ போடுங்கள். மணிகண்டன் இயக்கி 2015இல் வந்த படம். உங்கள் ஊரில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். உப்புவெளி முதல் நிலாவெளி வரை கடற்கரை நெடுக வெளிநாட்டுக்காரருக்கான உணவகங்கள் இருக்கின்றன. வாசலில் படம் போட்ட விலைப்பட்டியல் நிற்கிறது. பாடசாலை விட்டு வருகிற பிள்ளைகள் அதை நின்று பார்த்துவிட்டுப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். படத்தில் சென்னைச் சேரி ஒன்றில் அண்ணன் தம்பி இருவர். கோழி முட்டை வாங்க வசதி இல்லாததால் மரத்தில் ஏறிக் காக்கை முட்டை எடுத்துக் குடிக்கிறவர்கள். அந்த மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பீட்சா கடை கட்டுகிறார்கள். தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி விற்று, ஒரு பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள் பிள்ளைகள். காசு சேர்ந்த பிறகுதான் கடைக்குள் விட நல்ல உடுப்பும் வேண்டும் என்று தெரிகிறது.

அதில் ஒரு காட்சி. பேரப்பிள்ளைகள் ஏங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் பாட்டி விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்து, தோசைக்கல்லில் மாவை ஊற்றி, அதன் மேல் காய்கறியை வெட்டிப் போட்டுத் தானே பீட்சா சுட்டுக் கொடுக்கிறாள். வாயில் வைத்த பிள்ளை, விளம்பரத்தில் வருவது போல நூல் நூலாக இழுபடவில்லையே என்கிறான். அந்த நேரம் பாட்டியின் முகத்தைப் பாருங்கள். உங்கள் அம்மா எழுந்து போக மாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு. முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்ததும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பேச விடுங்கள், நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம்.

அடுத்த நாள் துணிந்து கறுப்பு வெள்ளைக்குப் போகலாம். ‘அந்த நாள்’, 1954. ஏ.வி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர். இதற்கு உங்கள் அம்மாதான் வாசல். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை அவர் தன் தாய் தகப்பனிடம் கேட்டிருப்பார். சீனன்குடாவில் விமானம் ஒன்று வந்து மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கியைப் பற்றி இன்றைக்கும் இங்கே பேச்சு இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1943 ஒக்டோபரில், சென்னையிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அந்த நாள்தான் படத்தின் நாள். அம்மாவை முதலில் நம் ஊர்க் கதையைச் சொல்ல விடுங்கள். பிள்ளைகள் கேட்டு முடித்த சூட்டோடு படத்தைப் போடுங்கள்.

படம் தொடங்கியவுடனேயே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். வானொலிப் பொறியியலாளர் அவர். யார் சுட்டது? மனைவி, தம்பி, அடுத்த வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரணையில் வந்து தாம் கண்டதைச் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதில் இருந்து செத்தவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்தால், அடுத்தவர் சொல்வது அதைக் கலைத்துப் போடுகிறது. ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டுகளுக்காகவே சனம் படம் பார்க்கப் போன காலத்தில் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுக்க எவ்வளவு துணிவு வேண்டும்! விசாரிக்கிற அதிகாரியாக ஜாவர் சீதாராமனும் மனைவியாகப் பண்டரிபாயும் நடித்திருக்கிறார்கள். சிவாஜி என்றால் உரத்துப் பேசுகிறவர் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, அவர் தணிந்த குரலில் எத்தனை முகம் காட்டுகிறார் என்பது இதில் தெரியும்.

இதை மட்டும் தொலைபேசியில் பார்க்க விடாதீர்கள். பாதிக் கதை நிழலில் நடக்கிறது, சின்னத் திரையில் அந்த நிழல் வெறும் கறுப்பாகிவிடும்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த மலையில் உள்ள பெரிய பிளவை, இராவணன் வெட்டை, காட்டாமல் நாம் யாரும் திரும்புவதில்லை. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனாலும், தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கிய கிணறுகள் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு 1958இல் வந்த ‘சம்பூர்ண இராமாயணம்’ படத்தில் இராவணன் சபையில் பாடுகிற காட்சியைக் காட்டுங்கள். முழுப் படமும் நீளம், பிறகு பார்க்கலாம். டி.கே. பகவதி இராவணனாக இருக்கிறார், பாடுகிற குரல் சி.எஸ். ஜெயராமன். காலைக்கு என்ன இராகம், மாலைக்கு என்ன இராகம் என்று கேட்கக் கேட்க, இராகம் இராகமாகப் பாடிக்கொண்டே போகிறார். கயிலைநாதனை உருக வைத்த இராகம் எது என்று கேட்கும்போது காம்போதி வருகிறது. கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்த்த பிள்ளைக்கு அந்த இடத்தில் மெய் சிலிர்க்கும். பத்துத் தலை அரக்கனாக அன்றி, இசை தெரிந்த பக்தனாக இராவணனை இவ்வளவு மரியாதையோடு காட்டியிருப்பது எனக்கு எப்போதும் நிறைவு தருகிறது.

சிரிக்க வேண்டும் என்றால் ‘காதலிக்க நேரமில்லை’, 1964, ஸ்ரீதர். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் ஒன்று போதும். நாகேஷ் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். அதற்கு வாசல் ஒன்றும் தேவையில்லை.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான படத்துக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. பாலு மகேந்திரா நம்முடைய கிழக்கின் பிள்ளை, மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். தன் அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாடுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். கதை சென்னையில் நடந்தாலும் அதன் வேர் இந்தக் கரையில் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

சுதா என்கிற பெண், அலுவலகத்தில் வேலை. தங்கையும் வயதான தாத்தாவும் அவளோடு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எழும்பச் சொல்கிறார். வாடகைக்கு வீடு தேடி அலைந்து களைத்து, இருக்கிற காணியை நம்பித் தானே ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, சண்டை இல்லை, பாட்டு இல்லை. அனுமதிக்கு அலைவதும், கடனுக்கு அலைவதும், மழையில் வேலை நிற்பதும், ஒப்பந்தக்காரர் ஏமாற்றுவதும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து எந்த மர்மப் படமும் மனதை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

ஏனென்றால் நம் மாவட்டத்தில் வீடு கட்டாதவர், அல்லது விட்டுப்போன வீட்டை மீண்டும் கட்டாதவர் யார் இருக்கிறார்கள்? மூதூர், சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களைக் கேளுங்கள். அத்திவாரம் போட்டதும் முடிந்த காசு, கூரை இல்லாமல் மாரிக்கு நனைந்த சுவர், சொன்ன நாளில் வராத மேசன், இதையெல்லாம் ஒரு கணக்குப் புத்தகம் போல ஒப்புவிப்பார்கள். என் பெரியம்மா இந்தப் படத்தைப் பார்த்தபோது, சீமெந்து களவு போவது தெரியவருகிற இடத்தில் எழுந்து திரைக்குக் கிட்டப் போய், “எனக்கும் இப்படித்தான் செய்தவன்” என்று சொல்லி அழுதுவிட்டார். கல் அரிந்து வைத்த நாளில் இருந்து கதவு போட்ட நாள் வரை அன்றிரவு முழுக்கச் சொன்னார். அதற்கு முன்பு எங்கள் யாருக்கும் அவர் அதைச் சொன்னதே இல்லை.

தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் குடையை ஊன்றிக்கொண்டு வருகிற காட்சி இருக்கிறது. பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். நடிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, ஒரு முதியவர் தன் வீட்டுக்குள் நடக்கிறார், நாம் ஒதுங்கி நின்று பார்க்கிறோம். அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத்தான் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பின்னணியில் வருவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டில் இருந்து எடுத்த இசை. வார்த்தை இல்லாத அந்த வயலின் சுதாவின் களைப்பை அவளுக்காகச் சொல்லிவிடுகிறது.

அம்மா இடம்பெயர்ந்து வாழ்ந்தவர் என்றால், அவர் களைத்திருக்கிற நாளில் இதைப் போடாதீர்கள். அடுத்த நாள் வேலை இல்லாத ஓர் இரவில் போடுங்கள். அவருக்குப் பேச நேரம் வேண்டும்.

புதிய படங்களில் 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளாதார நெருக்கடியால் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போகிற ஈழத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. கடைசிப் பகுதி எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடுகிற அவசரத்தில் இருக்கிறது, எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் நம்மைப் போலப் பேசுகிற ஒரு குடும்பம் திரையில் சிரித்து, சமைத்து, சண்டை பிடித்து வாழ்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நம்மைப் பற்றிய படம் என்றாலே இழவு வீடாகத்தான் இருக்க வேண்டுமா?

பிள்ளைகள் தூங்கிய பிறகு, நீங்களும் அம்மாவும் மட்டும் பார்க்க ‘உதிரிப்பூக்கள்’, 1979. மகேந்திரன் இயக்கியது, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் இருந்து முளைத்தது. ஊரில் பெரிய மனிதராக நடமாடிக்கொண்டு, வீட்டுக்குள் மனைவியைச் சொல்லாலேயே வதைக்கிற ஒருவன். விஜயன் குரலை உயர்த்தாமலே அந்தக் கொடுமையைச் செய்கிறார். அவனுடைய இரண்டு பிள்ளைகள்தான் படத்தின் உயிர். கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. தண்டிக்கிற ஊரையும் படம் சும்மா விடுவதில்லை, அதுதான் மகேந்திரனின் பெருமை. அப்படிப்பட்ட மனிதரை நம் உறவுக்குள் எங்கேயோ எல்லோரும் கண்டிருக்கிறோம். அதனால் இதன் வாசல் கொஞ்சம் வலிக்கும்.

இனி சிங்களப் படம் பார்க்கலாமா என்ற கேள்வி. கட்டாயம் பார்க்க வேண்டும். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’, 1997. படையில் இருந்த மகனின் உடல் என்று சொல்லி முத்திரை வைத்த பெட்டி ஒன்று கிராமத்துக்கு வருகிறது. திறக்கக் கூடாது என்கிறார்கள். கண் தெரியாத தகப்பன் அதை நம்ப மறுக்கிறார், இழப்பீட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக வாழ்ந்திருக்கிறார். இந்தப் படம் 2000இல் தடை செய்யப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் திரைக்கு வந்தது. வராத பிள்ளைக்காக வாசலைப் பார்த்திருக்கிற தாய்மார் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை இன்னொரு மொழியில், இன்னொரு பக்கத்தில் இருந்து இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் இது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். வசனம் மிகக் குறைவு. பாடசாலையில் சிங்களம் படிக்கிற உங்கள் பிள்ளைகளுக்கே முக்கால்வாசி விளங்கிவிடும், அம்மாவுக்கு அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும்.

தர்மசேன பத்திராஜ என்கிற சிங்கள இயக்குநர் 1977இல் யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ என்று ஒரு தமிழ்ப் படமே எடுத்தார். காவலூர் இராசதுரை எழுதியது. சாதியும் சீதனமும் ஒரு வீட்டுப் பெண்களை என்ன செய்கின்றன என்பதைக் கூச்சமில்லாமல் காட்டிய படம். மிக மெதுவாகப் போகும், ஆகவே இதைக் கடைசியில் வையுங்கள். மற்றவற்றையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மெதுவான நடை பிடிக்கும்.

இவ்வளவும் ஒரு விடுமுறைக்குக் காணும், தங்கச்சி. கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி மேடை நாடகம் பற்றிக் கேட்டிருக்கிறார். அதை அடுத்த காணொளியில் எடுத்துக்கொள்கிறேன்.